கையா, பசையா?

பசை காய்ச்சிப் பிழைத்தவன் நான். கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரர், "எங்கே வேலை பார்த்தீங்க?" என்று கேட்பார். "பசை கம்பெனியில்" என்பேன். "ஓகோ, மைதா மாவா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பாயசத்தின் பக்கம் திரும்பிவிடுவார். முப்பத்தொரு வருஷம் இதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மைதா இல்லை.

போன மாதம் எங்கள் பழைய தொழிற்சாலையிலிருந்து இளம் கெமிஸ்டுகள் இரண்டு பேர் ராயபுரத்தில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார்கள். ஒட்டிய லேபிள் எவ்வளவு பிடிக்கிறது என்று இழுத்துப் பார்த்து எண்ணில் சொல்லும் மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். "உங்க காலத்துல எதை வெச்சு சார் அளந்தீங்க?" என்று அதில் ஒரு பெண் கேட்டாள். கட்டைவிரலை நீட்டினேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரலை நம்பியதால் ஒரு மனிதரின் கை வெந்தது, ஆறு பெண்களின் வேலை போக இருந்தது. அதை அவர்களிடம் சொல்லாமல் விட்டது மனதை அரித்ததால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மரியதாஸ். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, யுத்த காலத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வார்னிஷ் காய்ச்சக் கற்றுக்கொண்டு, சுதந்திரம் வந்த சமயத்தில் திருவொற்றியூரில் புதிதாகத் திறந்த டேப் கம்பெனியில் பசை கலக்குபவனாகச் சேர்ந்தேன். அங்கே கற்ற வித்தை இவ்வளவுதான். ரப்பர் ஷீட்டை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி இளக வைக்க வேண்டும். பிறகு பெட்ரோல் மாதிரியான ஒரு ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். பைன் மரத்துப் பிசினான ரோசினைப் பொடித்துச் சேர்க்க வேண்டும். ரப்பர் உடம்பைக் கொடுக்கும், ரோசின் பிடிப்பைக் கொடுக்கும். இதைத் துணியில் பூசி உலர்த்தினால், தண்ணீர் தொடாமல் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் டேப் கிடைக்கும்.

இந்தப் பசைக்கு எமன் வேறு எங்கும் இல்லை. எதில் கரைத்துச் செய்தோமோ அந்த ஜாதிச் சரக்குதான். மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் எது பட்டாலும் கொழகொழத்துப் போகும். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி ஒரு யார்டு இருந்தது. பெயிண்ட் கம்பெனிகளுக்குப் போகும் டிரம்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உயரம். மண்ணெண்ணெய் டிரம் எது, தின்னர் டிரம் எது என்று லேபிள் சொன்னால்தான் உண்டு. காகித லேபிள் கடற்காற்று ஈரத்தில் ஊறி விழுந்தது. பெயிண்டால் எழுதினால் தின்னர் வழிந்து அழித்தது. எங்கள் டேப்பும் அதே தின்னரில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "தின்னருக்கு அசையாத லேபிள் துணி செய்து கொடுங்கள், யார்டு முழுக்க உங்களிடமே வாங்குகிறோம்" என்றார் யார்டு ஏஜெண்ட்.

அந்த வேலை தணிகாசலத்திடம் வந்தது. எங்கள் கெமிஸ்ட். வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர். ஒல்லியான உடம்பு, முழங்கைக்கு மேல் சுருட்டிய சட்டை. மேனேஜர் எதிரில் என்னை "மிஸ்டர் மரியதாஸ்" என்பார். பசை அறைக்குள் வந்துவிட்டால் "அண்ணே" என்பார். நான் எங்கேயும் "சார்" தான். வயதில் சின்னவரை சார் என்று கூப்பிட எனக்கு முதல் வாரம் நாக்கு கூசியது. இரண்டாவது வாரம் கூசவில்லை. அதற்குக் காரணம் அவர் நோட்டுப் புத்தகம்.

ஒவ்வொரு கலவைக்கும் அதில் ஒரு பக்கம். ஜெயித்த கலவையைச் சின்ன எழுத்தில் எழுதுவார். தோற்றதைப் பெரிய எழுத்தில், பக்கத்தை அடைத்து எழுதுவார். "ஏன் சார், தோத்ததைப் போய் இப்படித் தமுக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஜெயிச்சதை நாம மறக்க மாட்டோம் அண்ணே. தோத்ததைத்தான் மறந்துட்டுத் திரும்பப் பண்ணுவோம்" என்றார். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தராசுத் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார். தட்டு பளபளவென்று இருந்தால் அன்றைக்கு யாரோ தப்புச் செய்திருக்கிறோம் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். என்னால் பலமுறை அந்தத் தட்டு பளபளத்திருக்கிறது.

எண்ணெய் தாங்குகிற செயற்கை ரப்பர் ஒன்று கப்பலில் வந்தது. பழுப்பு நிறக் கட்டிகள். எங்கள் ஸ்பிரிட்டில் போட்டால் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் கரையாததை எப்படிப் பூசுவது? அதைக் கரைக்க வேறொரு திரவம் பிடித்தோம். அதன் நெடியில் மத்தியானத்துக்குள் மண்டை வெடிக்கும். பிறகு சூட்டில் இறுகுகிற ஒரு பிசின் பொடி. அதைச் சேர்த்துத் துணியில் பூசி, சூட்டு அறையில் வைத்து எடுக்க வேண்டும். நேரம் கூடினால் அப்பளம் மாதிரி விறைத்து ஒட்டவே ஒட்டாது. குறைந்தால் தின்னரில் கூழாகும். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. தணிகாசலத்தின் நோட்டுப் புத்தகம் முழுக்கப் பெரிய எழுத்தாகவே இருந்தது.

சோதனை முறையைச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் கதை அதில்தான் இருக்கிறது. பசை கடைகிற உருளைப் பாத்திரத்தை நிறுத்தியதும், நான் ஒரு கரண்டி பசை எடுத்துச் சோதனைச் சாலைக்குக் கொடுப்பேன். அதை ஒரு முழத் துணியில் பூசி, சுட்டு, துண்டு போட்டு, இரும்புத் தகடுகளில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, தின்னர் ஜாடியில் முக்கி வைப்பார் தணிகாசலம். ஓரம் எழும்புகிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்ப்பார். பாத்திரத்தில் உள்ள மீதிப் பசை மறுநாள் மெஷினில் ஏறி, சுருள் சுருளாகத் துணியில் பூசப்பட்டு வரும். அந்தச் சுருளை அவர் இடது கட்டைவிரலால் அழுத்துவார், மனதுக்குள் மூன்று எண்ணுவார், எடுப்பார். விரல் நன்றாக இழுபட்டால் நல்ல பசை. இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். நானும் என் விரலைப் பெரிய தராசு என்றே நினைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு கலவை ஜாடியில் நின்றது. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். தின்னரில் கிடந்தும் ஓரம் எழும்பவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். தணிகாசலம் சுருளை விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் வாடியது. "நிக்குது அண்ணே. ஆனா உயிர் இல்ல" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். செத்த மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. விரலைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே, ம்ஹூம்.

அந்த முகம் வாடியதை என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றரை வருஷம் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், எனக்கு என் பசையைச் செத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. யார்டுக்கு அனுப்ப வேண்டிய முதல் கலவையைக் கடைந்தேன். வழக்கம்போலக் கரண்டியில் எடுத்துச் சோதனைச் சாலைக்குக் கொடுத்தேன். அப்புறம் பாத்திரத்தில் இன்னும் ஒரு முறம் ரோசினைப் போட்டு, ஒரு மணி நேரம் கூடக் கடைந்தேன். ரோசின் போட்டால் விரலைப் பிடிக்கும், எனக்குத் தெரியும். ரோசின் தின்னரில் கரையும், அதுவும் எனக்குத் தெரியும். 'ஜாடியில் முக்குகிற மாதிரியா டிரம் நனையப் போகிறது? ஏதோ நாலு சொட்டு சிந்தும்' என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

கரண்டிப் பசை ஜாடியில் நின்றது. சுருள், விரலை விடாமல் பிடித்தது. தணிகாசலம் இன்னொரு தரம் அழுத்தினார், இன்னொரு தரம் அழுத்தினார், பல் தெரியச் சிரித்தார். "அண்ணே, ரெண்டும் சேர்ந்து வந்துடுச்சே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று நான் சைக்கிளை மிதித்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாள் கழித்து யார்டில் அது நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாள். மூடி ஓரமாகத் தின்னர் கசிந்து இறங்கி, சில டிரம்களில் லேபிள் நழுவி மண்ணில் விழுந்திருக்கிறது. லேபிள் இல்லாத ஒரு டிரம் மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றிருக்கிறது. யார்டுக்குள் டீயும் சாப்பாடும் போடுகிற காதர் பாய்க்கு அதிலிருந்துதான் அன்று எண்ணெய் பிடித்துக் கொடுத்தார்கள். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். குப்பென்று பிடித்த தீயில் வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

செய்தி எங்களுக்கு வந்து சேருமுன் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். புதன்கிழமை காலை. நாற்பது வயது இருக்கும், வரிந்து கட்டிய சேலை, கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். காவலாளியைத் தாண்டி நேராகப் பசை அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"இங்க பசை காச்சுறது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

பொட்டலத்தைப் பிரித்தாள். மண் ஒட்டிய ஒரு லேபிள். "இந்தா, இது உன்னுது. எம் பேரு கன்னியம்மா. யார்டுல டிரம்மு தொடச்சி லேபிளு ஒட்டுறது நாங்க ஆறு பேரு. எங்க கை சரியில்ல, அத்தொட்டுதான் லேபிளு வுயுந்துச்சு, பாய் கை வெந்துச்சுன்னு ஏஜெண்ட்டு சொல்லிகினு கீறாரு. திங்கக்கெயமலேர்ந்து ஆறு பேரும் வராதீங்கன்ட்டாரு."

நான் லேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"வேலை போனா இன்னொரு வேலை தேடிக்கலாம். பாய் கைய வேக வெச்சவளுங்கன்னு எங்க குப்பத்துல பேராயிப் போச்சே, அத்த எங்க போயி கயுவுறது? நீ சொல்லு. கையா, பசையா?"

சத்தம் கேட்டுத் தணிகாசலம் வந்தார். அவள் சொன்னதை நின்று முழுக்கக் கேட்டார். "பசை பாஸாகித்தான் போச்சும்மா. ஆனா உங்க கையை நான் பார்த்ததில்லை. பார்க்காம சொல்ல முடியாது. உள்ள வந்து ஒட்டிக் காட்டுறீங்களா?" என்றார். சோதனைச் சாலைக்குள் வெளியாரை விடும் வழக்கம் இல்லை. அவளுக்கு ஸ்டூல் போட்டார்.

யார்டில் செய்வதை அப்படியே செய்து காட்டினாள் கன்னியம்மா. மண்ணெண்ணெய்த் துணியால் தகட்டின் உப்பையும் துருவையும் ஒரு துடைப்பு. காய்ந்த கோணியால் ஒரு துடைப்பு. சுத்தமான வெள்ளைத் துணியால் கடைசித் துடைப்பு. பிறகு லேபிளை நடுவில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். கடைசியாக நாலு ஓரத்திலும் நகத்தால் ஒரு கோடு. தணிகாசலம் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். "நாங்க ஒட்டுறதை விட நல்லா ஒட்டுறீங்க" என்றார். "இன்னா சாரு கிண்டலா?" என்றாள். "கிண்டல் இல்லம்மா. நாங்க யாரும் இப்படி அழுத்தினதே இல்ல."

அவள் ஒட்டியது, அந்தக் கலவையின் கரண்டிப் பசை பூசிய துணியில் மிச்சம் இருந்த துண்டுகளை. மறுநாள் தகடுகளை ஜாடியில் முக்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்தார். ஒன்றுகூட அசையவில்லை. அவள் கை சரி. புத்தகப்படி என் பசையும் சரி.

மேனேஜருக்கு அவசரம். சனிக்கிழமைக்குள் ஏஜெண்டுக்குக் கடிதம் போக வேண்டும். "ஜாடியில் நின்றது என்று புத்தகத்தில் இருக்கிறதல்லவா? அதை எழுதுங்கள், போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பசை பாஸ் என்று கடிதம் போனால், ஏஜெண்டுக்கு மிச்சம் இருப்பது கை ஒன்றுதான். முடிவு தெரிந்துகொள்ள வந்த கன்னியம்மா வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

தணிகாசலம் காகிதத்தை எடுத்தார், வைத்தார். தராசுத் தட்டைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "எங்கேயோ தப்பு இருக்கு அண்ணே. ஜாடி பொய் சொல்லாது. அந்தம்மா கையும் பொய் சொல்லல. என் கணக்குலதான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்" என்றார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எவ்வளவு சரி என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. செய்தவன் நான் குத்துக்கல்லாக நிற்கிறேன். பழி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மனிதரோ தன் கணக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

"சார், நான்தான் ரோசின் போட்டேன். கரண்டி எடுத்த பிற்பாடு" என்றேன்.

அவர் தட்டை மெதுவாக வைத்தார். ஏன் என்று கேட்பார், அறைவார், வெளியே போ என்பார் என்று என்னென்னவோ நினைத்தேன். அவர் கேட்டது, "எவ்வளவு?"

"ஒரு முறம்."

"முறத்தைக் கொண்டு வாங்க. அதே அளவு போட்டுக் காட்டுங்க."

எடை போட்டார். மிச்சம் வைத்திருந்த கரண்டிப் பசையில் கணக்குப்படி அந்த அளவு ரோசினைக் கலந்து, துணியில் பூசி, சுட்டு, அவரே தகட்டில் ஒட்டினார். விரலை அழுத்திப் பார்த்தார், நன்றாக இழுத்தது. ஒரு நாள் விடுவதற்கு நேரம் இல்லை. அதனால் அதே நேரத்தில் ரோசின் போடாத துண்டு ஒன்றையும் ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஜாடியில் விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஜாடி எதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆகவில்லை, என் லேபிள் ஓரத்தில் சுருண்டு, நழுவி, ஜாடியின் அடியில் போய்ப் படுத்தது. மற்றது அசையவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அதைப் பக்கம் அடைத்து எழுதினார். அதன் பிறகுதான் கேட்டார்.

"ஏன் அண்ணே?"

"உயிர் இல்லன்னு நீங்க சொன்னப்ப உங்க முகம் வாடிப் போச்சு சார்."

நோட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்: "அந்தச் சுருளை என் விரல்தான் பாஸ் பண்ணுச்சு. ரெண்டும் சேர்ந்து வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன். எப்படி வந்துச்சுன்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். சுருள்லேர்ந்து ஒரு துண்டு வெட்டி ஜாடில போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

கடிதத்தை எழுதினார். லேபிள் விழுந்ததற்குக் காரணம் பசை. ஒட்டியவர்கள் பேரில் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் ஒட்டும் முறை எங்கள் முறையைவிடச் சிறந்தது. பூசிய துணியைச் சோதிக்காமல் விரலால் தொட்டுப் பார்த்து அனுப்பியவன் நான், தணிகாசலம். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு என்னிடம் நீட்டினார். "உங்களதை நான் எழுத மாட்டேன். நீங்கதான் எழுதணும்" என்றார். என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை, காப்பாற்றியும் விடவில்லை. எழுதினேன். இன்றைக்கும் நான் எழுதியவற்றில் எனக்குப் பெருமை தருகிற இரண்டு வரி அதுதான்.

மேனேஜர் குதித்தார். ஆர்டர் போய்விடும் என்றார். போனது. அந்த வருஷம் தணிகாசலத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வும் போனது. என்னை ஒரு மாதம் வேலைக்கு வராதே என்றார்கள். வேலையை விட்டே அனுப்பாமல் இருக்கத் தணிகாசலம் மேனேஜரிடம் எத்தனை தரம் போய் நின்றார் என்று பல வருஷம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நேரே யார்டுக்குப் போனோம். இங்கிலீஷில் எழுதிய கடிதத்தை, ஆறு பெண்களும் நிற்க, ஏஜெண்ட் எதிரில் தமிழில் வாசித்தார் தணிகாசலம். என் இரண்டு வரி வந்தபோது நிறுத்தினார். அதை நான் வாசித்தேன். ஏஜெண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, திங்கட்கிழமை எல்லாரும் வந்துடுங்க" என்றார். ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்னியம்மா அழவில்லை. என்னிடம் வந்தாள்.

"நல்லா ஒட்டணும்னா போட்ட?"

"ஆமாம்மா."

"நல்லா கீது உன் ஆசை. எங்ககிட்ட சொல்லிட்ட, செரி. பாயாண்ட யாரு போய்ச் சொல்லுவாங்க?"

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து நேராகக் காதர் பாயின் வீட்டுக்கு நடந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும், "வா நைனா, உக்காரு. உங்க சாரு காலையிலயே வந்துட்டுப் போனாரு" என்றார்.

"என்ன சொன்னார்?"

"தாந்தான் பாக்காம அனுப்பிட்டேன்னாரு."

என் பெயரை அவர் சொல்லவே இல்லை. நான் சொன்னேன், ரோசின், முறம், எல்லாம். பாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கண்ணில் நீர் வழிந்தது.

"அன்னிக்கு எனக்கு சளி. மூக்கு அடைச்சிகினு இருந்துச்சு. எத்தினி வருசமா எண்ணெய் ஊத்துறவன், தின்னர் வாசனை தெரியாம பத்தவெச்சுட்டனே, என் தப்புதானேன்னு ராவும் பகலும் அதே பேஜாரு. பொம்பளைங்க மேல பழி சொன்னப்பகூட, இல்ல, என் மூக்குதான்னு சொல்லிகினே இருந்தேன். எவன் கேட்டான்?" என்றார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நைனா, இனிமே வுயாதில்ல?"

விழாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

என் ஒரு மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, தணிகாசலம் செத்த பசையை மறுபடி கையில் எடுத்திருந்தார். "இதுக்கு உயிர் இல்லைன்னு சொன்னது என் முட்டாள்தனம் அண்ணே. விரலால தொட்டா இது பிடிக்காது. அந்தம்மா மாதிரி பாரத்தை இறக்கி அழுத்தினா பிடிக்கும்" என்றார். அது அப்படித்தான் இருந்தது. என் கட்டைவிரல் மூன்று எண்ணுவதற்குள் கேட்ட பிடிப்பை, இந்தப் பசை அழுத்தம் வாங்கி ஒரு நாள் கழித்துக் கொடுத்தது. கன்னியம்மாவின் உள்ளங்கையைப் பார்த்துத்தான் கைப்பிடி வைத்த சின்ன ரப்பர் உருளை ஒன்று செய்தோம். விரல் சோதனையைத் தணிகாசலம் அடியோடு நிறுத்தினார். பூசிய சுருளின் தலையிலும் வாலிலும் துண்டு வெட்டி ஜாடியில் போட்டோம். வெட்டுவது பசை கலக்கியவனாக இருக்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினார். அதைப் படித்து எனக்கு முகம் சுருங்கவில்லை. நானே எழுதியிருப்பேன்.

ஏஜெண்ட் எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவும் கன்னியம்மா போய், "தப்பைத் தானே சொல்ற கம்பெனிக்காரன் வேற எவன் கீறான், காட்டு" என்று சண்டை போட்ட பிறகு. புது லேபிள் ஒட்டிய பத்து டிரம்களை யார்டு நடுவே வெயிலில் நிறுத்தி, தினம் காலையில் ஒரு குவளைத் தின்னரை லேபிள் மேலேயே ஊற்றினோம். இரண்டு வாரம். கடைசி நாள் தணிகாசலமும் நானும் ஆறு பெண்களும் ஏஜெண்டும் சுற்றி நின்றோம். எல்லா லேபிளும் இருந்த இடத்தில் இருந்தன.

காதர் பாய் அப்போது மறுபடியும் சமையலுக்கு வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஈரம் காயாத ஒரு டிரம் எதிரே குனிந்து, சரியாக மடங்காத அந்த வலது கை விரல்களால் லேபிளின் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு அடுத்த ஓரத்தை. நகம் மட்டும் கிறீச்சென்று சத்தம் போட்டது. நான்கு ஓரத்தையும் நிதானமாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, ஏஜெண்டைப் பார்க்காமல், தணிகாசலத்தையும் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

"வரல நைனா" என்றார்.

எல்லார் எதிரிலும் நான் அழுதேன்.